வாடகை கட்டுவதா, வேலை வாங்கித் தருவதா?

கேள்வி: திருப்பூரில் எங்கள் பகுதிக்காரர்கள் பதினைந்து பேர் சேர்ந்து கொரோனா சமயத்தில் மளிகை கொடுக்க ஆரம்பித்தோம். அது நிற்கவில்லை, இன்றும் மாதம் 30,000 ரூபாய் வரை சேர்கிறது. இப்போது வருகிறவர்கள் அரிசி கேட்பதில்லை. வீடும் வேலையும்தான் கேட்கிறார்கள். போன வாரம் வந்த குடும்பத்தில் கணவருக்கு பைக் விபத்தில் கால் உடைந்திருக்கிறது. மூன்று மாத வாடகை பாக்கி, காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். மனைவி இதுவரை வேலைக்குப் போனதில்லை. இரண்டு சின்னப் பிள்ளைகள். வாடகையை நாங்களே கட்டிவிடலாமா, அந்தப் பெண்ணுக்கு வேலை வாங்கித் தரலாமா? இதை ஒழுங்காகச் செய்ய அறக்கட்டளை பதிவு செய்தே ஆகவேண்டுமா?

பதில்: அந்தக் குடும்பத்திடம் முதலில் கணவரின் வேலையைப் பற்றிக் கேளுங்கள். எந்தக் கம்பெனியில் இருந்தார், சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தார்களா? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் என்றால் இஎஸ்ஐ உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்கள் அதற்குள் வந்துவிடுவார்கள். தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம்தான் என்பதால் தன் பெயரில் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

பிடித்திருந்தால் நிலைமையே வேறு. வேலைக்குப் போகும்போதோ திரும்பி வரும்போதோ நடந்த விபத்து என்றால், அது வேலையோடு தொடர்புடையதுதான் என்று காட்ட முடிந்தால், குணமாகும் வரை சம்பளத்தில் 90 சதவீதம் அளவுக்கு உதவித்தொகை வரும். வேறெங்கோ விழுந்திருந்தாலும், தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். இதற்கு இஎஸ்ஐ டாக்டரின் சான்று வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்துவிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் பணத்தை இழக்கிறார்கள். உங்களில் ஒருவர் அவரை இஎஸ்ஐ டிஸ்பென்சரிக்கு அழைத்துப்போய் வந்தால், அது உங்கள் ஒரு மாத வசூலைவிடப் பெரிய உதவியாக இருக்கலாம். எதிரே வந்த வண்டி மோதிய விபத்து என்றால் இழப்பீட்டு வழக்கும் போடலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் இலவசம். பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது என்பதால் மனைவியே போய்க் கேட்டுவிட்டு வரலாம். காலம் தாழ்த்த வேண்டாம்.

சரி, வாடகைக்கு வருவோம். மாதா மாதம் வாடகை கட்டும் பொறுப்பை எடுத்துக்கொள்ளாதீர்கள். 5,000 ரூபாய் வாடகையில் ஆறு குடும்பத்தை எடுத்தால் உங்கள் பணம் முழுவதும் தீர்ந்துவிடும். ஏழாவது குடும்பத்துக்குக் கதவு மூடிவிடும். நீங்கள் நிறுத்தும் மாதத்தில் அந்த ஆறு குடும்பமும் பழைய இடத்திலேயே நிற்கும்.

பாக்கியை ஒருமுறை தீர்த்துக் கொடுப்பது வேறு விஷயம். நல்லபடியாக வாடகை கொடுத்துவந்த குடும்பம், விபத்தோ பிரசவமோ வந்து தடுமாறியிருக்கிறது என்றால் பாக்கியில் பாதியைக் கொடுத்து இருக்கும் வீட்டிலேயே இருக்க வைப்பதுதான் மலிவு. வீடு மாறினால் புது அட்வான்ஸ், சாமான் ஏற்ற வண்டி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பழகிய கடைக்காரர் தரும் கடன் என்று எல்லாமே ஒரே நாளில் கைவிட்டுப் போகும்.

ஆகவே வீட்டுக்காரரைப் போய்ப் பாருங்கள். அவரை எதிரியாக நினைத்துக்கொண்டு போகவேண்டாம். லைன் வீடு கட்டி விட்டிருப்பவர்களில் அந்த வாடகையை நம்பியே சாப்பிடும் வயதானவர்கள் நிறைய இருக்கிறார்கள். பாதி இப்போது, மீதி நான்கு மாதத்தில் என்று சொல்லுங்கள். பணத்தை அவர் கணக்கிலேயே போடுங்கள். பிரச்சினை வந்தால் கூப்பிட உங்களில் ஒருவருடைய நம்பரைக் கொடுங்கள். பெரும்பாலும் அந்த நம்பருக்காகத்தான் சம்மதிப்பார்கள்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், மிரட்டுவதற்கு இல்லை. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். வேறு மாதிரி ஒத்துக்கொண்டு எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது. அதே சட்டத்தில், இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, நோட்டீஸ் கொடுத்தும் கட்டவில்லை என்றால் உரிமையாளர் வாடகை நீதிமன்றம் போக வழி இருக்கிறது. மூன்று மாத பாக்கியோடு சட்டம் பேசினால் எடுபடாது. பேசித் தீர்ப்பதுதான் இந்தக் குடும்பத்துக்கு நல்லது.

வேறு வீடுதான் என்று ஆகிவிட்டால் உங்கள் பணம் போகவேண்டிய இடம் அட்வான்ஸ். சம்பாதிக்கிற குடும்பத்தால் மாத வாடகையை எப்படியாவது கொடுத்துவிட முடியும். மொத்தமாக ஒரு தொகையைப் புரட்டுவதுதான் முடியாத காரியம். அதற்காகத்தான் கந்துவட்டிக்குப் போகிறார்கள், அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் எழுந்திருப்பதில்லை. அட்வான்ஸ் திரும்பி வரக்கூடிய பணம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஒப்பந்தத்திலேயே, இந்தத் தொகையை இன்னார் கொடுத்தார்கள், காலி செய்யும்போது அவர்களுக்கே திரும்பவேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். குடும்பம் வாராவாரம் சனிக்கிழமை சம்பளத்தில் நூறு, இருநூறு என்று உங்களுக்குத் திருப்பிக் கட்டட்டும். முழுதும் கட்டி முடித்த அன்று அந்த அட்வான்ஸ் அவர்கள் சொத்து என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒப்பந்தம் முடிந்தவரை மனைவி பெயரில் இருக்கட்டும். குடும்பத்தில் என்ன நடந்தாலும் பிள்ளைகள் பெரும்பாலும் அவருடன்தான் இருப்பார்கள்.

லீசு, போக்கியம் என்று மொத்தமாக இரண்டு லட்சம், மூன்று லட்சம் கேட்டு, மாத வாடகை வேண்டாம் என்பார்கள். ஆசையாகத்தான் இருக்கும். வீடு ஏற்கெனவே பேங்க் அடமானத்தில் இருந்தால் அந்தப் பணத்தை மீட்பது பெரும்பாடு. வில்லங்கச் சான்றிதழ் பார்க்காமல் அதில் பொதுப் பணத்தைப் போடவே போடாதீர்கள். என்னைக் கேட்டால், பார்த்த பிறகும் வேண்டாம் என்பேன்.

வீடு பார்க்கப் போவது சாயங்காலமாக இருக்கட்டும். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். கரண்டுக்கு யூனிட் எவ்வளவு என்று மறக்காமல் கேளுங்கள். தனி இணைப்பு உள்ள வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரே இணைப்பில் பல குடும்பம் இருக்கும் லைன் வீட்டில் வீட்டுக்காரர் சொல்வதுதான் ரேட். வாடகை 500 ரூபாய் குறைவு என்று போய் கரண்டில் அதைவிட அதிகம் கொடுப்பவர்கள் உண்டு.

நடு வருஷத்தில் பள்ளி மாற்ற வேண்டி வந்தால் டிசி வரத் தாமதம் என்று எட்டாம் வகுப்பு வரை எந்த அரசுப் பள்ளியும், அரசு உதவி பெறும் பள்ளியும் சேர்க்கையை மறுக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ரேஷன் கார்டை மாநிலத்தில் எந்தக் கடையிலும் காட்டிப் பொருள் வாங்கலாம்.

பணத்தை விடப் பெரிய ஒன்று உங்களிடம் இருக்கிறது. ஊரில் உங்களைத் தெரியும். தனியாகப் பிள்ளைகளோடு வரும் பெண்ணுக்கு வீடு கொடுக்கத் தயங்குகிறார்கள். சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். மதத்தைச் சொன்னதும் வீடு ஏற்கெனவே பேசியாகிவிட்டது என்கிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே தைக்கிறவர்களுக்கும், திருநங்கைகளுக்கும் இதே கதிதான். இந்தக் குடும்பங்கள் கையில் அட்வான்ஸை வைத்துக்கொண்டே வீடு கிடைக்காமல் அலைகின்றன. இவர்களுக்காக ஒருவர் கூடவே போய், இவர்கள் எங்களுக்குத் தெரிந்தவர்கள், எதுவாக இருந்தாலும் என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்வதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. அரசு அலுவலகமோ பெரிய நிறுவனமோ செய்யமுடியாத வேலை இது. நீங்கள் பதினைந்து பேர், ஆளுக்கு நான்கு வீட்டுக்காரர்களைத் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

வேலையைத் தனியாகவும் வீட்டைத் தனியாகவும் பார்க்காதீர்கள் என்பதுதான் உங்களிடம் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. சென்னையில் குடிசைப் பகுதிகளிலிருந்து கண்ணகி நகர், பெரும்பாக்கம் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டவர்களுக்குக் குடியிருக்க இடம் கிடைத்தது. வீட்டுவேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு அந்த வேலை பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. விடியற்காலை பஸ் பிடிக்க முடியாமல் வேலையை விட்டவர்கள் ஏராளம். கூரை வந்தும் வருமானம் போனால் வீடு நிலைக்காது. திருப்பூரிலும் அப்படித்தான். அவிநாசி ரோட்டில் கம்பெனி, பல்லடம் ரோட்டில் வீடு என்று பார்த்துக் கொடுத்தால் இரண்டே மாதத்தில் வேலையோ வீடோ ஒன்று போய்விடும். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம்தான், ஆனால் வீட்டுக்கு வந்து சேரும் நேரம் மிச்சமாகாது.

திருப்பூரில் வேலை கிடைப்பது கஷ்டம் இல்லை. நிலைப்பதுதான் கஷ்டம். ஒரு ஷிப்ட் என்றால் காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை. சீசன் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட் என்று ராத்திரி எட்டுக்கு மேல் ஆகும். நீங்கள் சொல்லும் பெண்ணிடம் முதலில் கேட்கவேண்டியது, ஐந்தரைக்குப் பிறகு பிள்ளைகள் யாரிடம் இருப்பார்கள் என்பதை. கணவர் கால் கட்டோடு வீட்டில் இருக்கிறார். அவரால் பார்த்துக்கொள்ள முடியுமா? முடியாது என்றால் ஒரு ஷிப்டோடு அனுப்பிவிடும் கம்பெனியைத் தேடுங்கள். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. உங்கள் பகுதியில் கம்பெனி நடத்துகிறவர்களும் சூப்பர்வைசர்களும் கட்டாயம் இருப்பார்கள். அவர்களிடம் வேலை இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்றும் கேளுங்கள்.

புதிதாகப் போகிறவர்களைக் கைமடிக்கோ செக்கிங்குக்கோ எடுப்பார்கள். அங்கேயே விட்டுவிட்டால் வருஷக்கணக்கில் ஹெல்பர் கூலிதான். மெஷின் ஓட்டத் தெரிந்தால் கூலி உயரும். ஆறு மாதத்துக்குள் சிங்கர், ஓவர்லாக் போன்ற தையல் மெஷினில் பழக விடுவார்களா என்று சேரும்போதே பேசி வையுங்கள். பீஸ் ரேட்டா (முடித்த எண்ணிக்கைக்குக் கூலி), ஷிப்ட் சம்பளமா என்பதையும் தெளிவாகக் கேட்கவேண்டும். கை வேகம் வராத புதியவருக்குப் பீஸ் ரேட் வயிற்றுக்குப் போதாது. பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்கும் இடமாக இருந்தால், கையில் வரும் தொகை குறைந்தாலும் அதையே எடுக்கச் சொல்லுங்கள். இந்தக் குடும்பத்துக்கு இன்று கைகொடுக்கக்கூடியதே அதுதானே.

சேரும் முன் ஆதார், பேங்க் பாஸ்புக் இரண்டிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்று இருந்தால் பிஎஃப் எடுக்கும்போது அலைய வேண்டியிருக்கும்.

நீங்கள் இத்தனை நாள் கொடுத்துவந்த மளிகைக்கு இப்போதுதான் சரியான வேளை. வேலைக்குச் சேர்ந்த அன்றே சம்பளம் வராது. வாரக் கூலி என்றாலும் சில இடங்களில் முதல் வாரத்தைப் பிடித்து வைப்பார்கள். அந்த இடைவெளியில்தான் கையில் காசில்லாமல் வேலையை விட்டுவிட்டு, அன்றன்றே கூலி கிடைக்கும் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். முதல் மூன்று வாரத்துக்கு மளிகையும் வழிச்செலவும் கொடுங்கள். மூன்று மாதம் வரை வாரம் ஒரு போன் பண்ணி எப்படிப் போகிறது என்று விசாரியுங்கள். சூப்பர்வைசர் திட்டினார் என்பதற்காக வேலையை விடும் எண்ணத்தில் இருப்பவரை அந்த ஒரு போன் நிறுத்தி வைக்கும்.

பதிவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாளைக்கே தேவையில்லை, ஆனால் ஒருவருடைய சொந்தக் கணக்கில் பொதுப் பணம் சேர்வதை இந்த வருஷத்தோடு நிறுத்துங்கள். அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாம். முடிவெல்லாம் அறங்காவலர்கள் கையில் இருக்கும். சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஆண்டுக் கூட்டம், ஆண்டுக் கணக்கு எல்லாம் உண்டு. பதினைந்து பேருக்கும் சமமான குரல் வேண்டுமென்றால் எனக்குச் சங்கம்தான் சரியாகப் படுகிறது. நன்கொடை கொடுப்பவர்களுக்கு வரிச்சலுகை கிடைக்க 80ஜி எனப்படும் வருமான வரி அனுமதியை வாங்கினாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறவினர்கள் அனுப்பும் பணத்தில் கவனம் தேவை. இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து பேங்க் வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை. அதற்குத் தனிப் பதிவு இல்லாமல் தொடாதீர்கள்.

உதவி வாங்குகிறவர்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அந்தப் பிள்ளைகள் உங்கள் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படிக்கிறவர்கள். நன்கொடை கொடுத்தவர்களுக்கு மாதக் கணக்கை மட்டும் அனுப்பினால் போதும்.

வசூலில் ஒரு பங்கை, குறைந்தது ஐந்தில் ஒன்றை, தொடாமல் சேர்த்து வையுங்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது திருப்பூரில் ஆர்டர்கள் எப்படி ஆட்டம் கண்டன என்பதைப் பார்த்திருப்பீர்கள். ஷிப்ட் குறையும் மாதத்தில் ஒரு குடும்பம் வராது, இருபது குடும்பம் சேர்ந்து வரும். அப்போது யாருக்கு முதலில் என்று உட்கார்ந்து யோசித்தால் உங்களுக்குள்ளேயே மனக்கசப்பு வந்துவிடும். கைக்குழந்தை உள்ள வீடு, வேலை செய்ய முடியாத நோயாளி உள்ள வீடு, இந்த மாதமே காலி செய்யவேண்டிய வீடு என்று வரிசையை இப்போதே பதினைந்து பேரும் கூடிப் பேசி எழுதி வைத்துவிடுங்கள்.