பக்கம் இரு மடங்கானால் பரப்பளவு ஏன் நான்கு மடங்காகிறது?

தரம் 11இல் படிக்கும் உங்கள் மகள், இயல்பொத்த (அளவில் வேறுபட்டாலும் வடிவில் ஒன்றான) இரு உருக்களின் பக்கங்களின் விகிதம் 2:3 என்றால் பரப்பளவுகளின் விகிதம் 4:9 என்று ஒப்புவிக்கிறாள், ஏன் என்று கேட்டால் விழிக்கிறாள், எப்படி விளங்கப்படுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

செவ்வகத்தை வரைந்து தொடங்காதீர்கள். நீளமும் இரு மடங்கு, அகலமும் இரு மடங்கு, ஆகவே நான்கு மடங்கு என்றால் எந்தப் பிள்ளையும் தலையாட்டும். அது செவ்வகத்துக்கு மட்டும் உரிய சங்கதி என்றும் நினைத்துக்கொள்ளும். நீளம், அகலம் என்று பிரிக்க முடியாத ஓர் உருவைக் காட்டுங்கள். மட்டக்களப்பில் இருந்துகொண்டு அதற்கு அலைய வேண்டுமா? வாவி இருக்கிறதே.

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் 1 செ.மீ. என்பது நிலத்தில் அரைக் கிலோமீற்றர். வாவியின் நீளம் சுமார் 56 கி.மீ.; படத்தில் 112 செ.மீ. வரும். இனி, அதன் பரப்பளவு சுமார் 141 சதுர கி.மீ., படத்தில் எவ்வளவு என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதே பழக்கத்தில் 282 சதுர செ.மீ. என்பார்கள். திருத்த அவசரப்பட வேண்டாம். படத்தின்மேல் 1 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரத்தை வரையச் சொல்லுங்கள். நிலத்தில் அது அரைக் கிலோமீற்றருக்கு அரைக் கிலோமீற்றர், அதாவது கால் சதுர கி.மீ. அப்படியானால் வாவிக்கு வேண்டியவை 564 சதுரங்கள். ஏ4 தாளின் பரப்பளவு ஏறத்தாழ 624 சதுர செ.மீ. ஒரு மீற்றரைத் தாண்டி நீளும் வாவியின் பரப்பு ஓர் ஏ4 தாளுக்குள் அடங்கிவிடுகிறது!

கெட்டிக்காரப் பிள்ளை என்றால், கரையோரத்தில் வெட்டுப்படும் சதுரங்களை என்ன செய்வது என்று கேட்பாள். இன்னும் சிறிய சதுரங்களாகப் பிரிக்கலாம். அவையும் ஒவ்வொன்றும் அதே மடங்கில்தான் மாறும். எவ்வளவு கோணல்மாணலான உருவுக்கும் அளவிடைக் காரணியின் (நீளங்கள் எத்தனை மடங்காகின்றன என்பதன்) வர்க்கம் பொருந்துவது இதனால்தான்.

கனவளவுக்கு எருமைத் தயிர்ச் சட்டியே போதும். ஒரே வடிவில் வனைந்த இரு சட்டிகளில் பெரியது எல்லா அளவிலும் 1.26 மடங்கு என்றால், அதில் 1.26 × 1.26 × 1.26, அதாவது ஏறத்தாழ இரு மடங்கு தயிர் பிடிக்கும். பார்வைக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று: எவை இயல்பொத்தவை என்று பார்க்காமலே பிள்ளைகள் விகிதத்தை வர்க்கிக்கிறார்கள். முக்கோணிகளில் கோணங்கள் சமமாக இருந்தாலே போதும். நாற்பக்கலில் அது போதாது. ஒத்த பக்கங்களும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். ஸ்டூடியோவில் 4×6 அங்குலப் படத்தை 8×10 ஆகப் பெருப்பிக்கக் கொடுத்துப் பாருங்கள். எல்லாக் கோணங்களும் செங்கோணங்கள்தான். ஆனால் 4 இரு மடங்காகும்போது 6 ஆனது 12 ஆக வேண்டும். 10 அங்குலத் தாள் என்பதால் 2 அங்குலத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். குடும்பப் படமென்றால் ஓரத்தில் நின்ற மாமா போய்விடுவார். 8×12 கேளுங்கள், மாமாவும் இருப்பார், பரப்பளவும் சரியாக நான்கு மடங்கு வரும்.