வீட்டுக்கு ஒருவர்

மதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்க உள்நாட்டுப் போரில் 300 டாலர் கட்டியவர்களுக்குக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்கு தரப்பட்டதாகப் படித்தேன். அது அநீதியா, ஒளிவுமறைவற்ற ஏற்பாடா? இலங்கையின் வன்னியில் புலிகள் 'வீட்டுக்கு ஒருவர்' கேட்டதைக் கொடுமை என்கிறார்கள். நம் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவர் பெருமையோடு பட்டாளத்துக்குப் போகிறார்களே?

சரவணன், குடியாத்தம்

அன்புள்ள சரவணன்,

சென்ற வாரம் வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டின் கீழே நின்று, இவ்வூரிலிருந்து 277 பேர் முதல் உலகப் போருக்குச் சென்றனர், 14 பேர் உயிர் துறந்தனர் என்று சொல்லும் கல்வெட்டைப் படித்தேன். 'சென்றனர்' என்ற சொல் உறுத்திக்கொண்டே இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

டாலர் கேள்வியை விரைவில் முடித்துவிடுகிறேன். 1863 மார்ச்சில் வந்த சட்டம் அது. 300 டாலர் என்பது கூலித் தொழிலாளியின் ஏறத்தாழ ஓராண்டு ஊதியம். ஜூலையில் நியூயார்க்கில் கலவரம் வெடித்தது. சட்டம் செய்தவர்களை எட்ட முடியாத கூட்டம் கறுப்பின மக்களைக் கொன்றது. எதிரணியான தெற்கு மாநிலங்களிலோ, 20 அடிமைகள் உள்ள பண்ணைக்கு ஒரு வெள்ளையர் விலக்குப் பெற்றார். ஒளிவுமறைவு இல்லைதான், கந்துவட்டிக்காரனிடமும் அது இருப்பதில்லை.

ஆனால் கம்மவான்பேட்டையை வன்னியோடு சேர்த்தெழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது? இங்கே பையன் விடியுமுன் எழுந்து ஓடிப் பழகுகிறான், உடற்தகுதித் தேர்வில் தோற்றால் அழுதுகொண்டு வீடு திரும்புகிறான். வேண்டாமென்றால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். யாரும் வந்து கதவைத் தட்டப்போவதில்லை. வன்னியில் 2006 முதல் புலிகள் வீட்டுக்கு ஒருவரைக் கட்டாயமாகக் கேட்டார்கள்; 2008இல் பெரிய குடும்பங்களிடம் இருவரையும் அதற்கு மேலும் கேட்டார்கள். பிள்ளை பிடிக்கிறார்கள் என்றுதான் சனம் சொன்னது. உங்கள் வயதில் நானும் மேடையேறி இதற்கெல்லாம் நியாயம் பேசியவன் என்பதால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

'ஒருவர்' என்றால் மற்றவர்களுக்கு விலக்கு என்று பொருள். அந்த ஒருவர் யார் என்பதைப் பல வீடுகளில் பெற்றவர்களே சொல்ல வேண்டியிருந்தது. அமெரிக்கச் சட்டம் குலுக்கல் பெட்டியில் சீட்டையாவது எடுத்தது. வன்னியில் அந்தப் பெட்டியைத் தாயின் மடியில் வைத்துவிட்டார்கள்.

மேல்மொணவூர் இலங்கை அகதிகள் முகாமில் எங்கள் வீட்டுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் பெண்மணி ஒருவர் இருக்கிறார். மணமானவர்களைப் பிடிப்பதில்லை என்ற பேச்சை நம்பி, அவருக்குப் பதினேழு வயதில் அவசர அவசரமாகக் கல்யாணம் செய்து வைத்தார்கள். "தம்பி எண்டு கூப்பிட்ட பெடியனைத்தான் கட்டினனான், அண்ணா" என்றார், ஊசியில் நூல் கோத்தபடியே. மஞ்சள் கயிற்றைச் சட்டைக்கு வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டுதான் கிணற்றடிக்குப் போவாராம்.

வீட்டில் மிஞ்சியது தங்கை. அவளுக்கு மாப்பிள்ளை கிடைக்கவில்லை. அவள் திரும்பி வரவுமில்லை. தாயார் இப்போது மகளோடுதான் இருக்கிறார். நான் போனபோது வாசலில் உட்கார்ந்து பித்தான்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஏன் மூத்தவளுக்கு முதலில் மாப்பிள்ளை பார்த்தீர்கள் என்று மகள் இன்றுவரை கேட்டதில்லை.