அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு இன்னும் கட்டாயமா? தனியாரிடம் வாங்கச் சொல்லி அரசு கட்டாயப்படுத்தியது சரியா?

சட்ட நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2010 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டப்படி 2014 முதல் கிட்டத்தட்ட எல்லோரும் காப்பீடு வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். 2017 டிசம்பரில் வந்த வரிச் சட்டம் அந்த அபராதத்தை 2019 முதல் பூஜ்யமாக்கியது. வாங்க வேண்டும் என்ற விதி ஏட்டில் அப்படியே இருக்கிறது. மீறினால் மத்திய அரசுக்குக் கட்ட வேண்டியது 0 டாலர். ஆனால் கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், வாஷிங்டன் டி.சி. ஆகிய இடங்களில் அவரவர் அபராதம் தனியாக உண்டு. வெர்மான்டில் விதி உண்டு, அபராதம் கிடையாது.

இனி சரியா தவறா என்பது. அதே 2010 சட்டம் காப்பீட்டுக் கம்பெனிகளின் கையையும் கட்டியது. சர்க்கரை, புற்றுநோய் எது இருந்தாலும் பாலிசி தர மறுக்கக் கூடாது, நோயைக் காட்டிப் பிரீமியத்தை ஏற்றக் கூடாது. வயதுக்காக மூன்று மடங்கு வரை, புகையிலைக்காக ஒன்றரை மடங்கு வரை கூட்டலாம். இதை மட்டும் செய்துவிட்டு நிறுத்தினால் என்ன ஆகும்? உடம்புக்கு வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று ஆரோக்கியமானவர்கள் ஒதுங்குவார்கள். உள்ளே இருப்பவர்களின் செலவு ஏறும், பிரீமியம் ஏறும், அதைப் பார்த்து இன்னும் சிலர் விலகுவார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் இது நடந்தது. அங்கே 1993-இல் இரண்டையும் சேர்த்துச் சட்டம் போட்டார்கள். 1995-இல் கட்டாயத்தை மட்டும் நீக்கிவிட்டு, மறுக்கக் கூடாது என்பதை வைத்துக்கொண்டார்கள். 1999 வாக்கில் மாநிலத்தின் பெரும்பாலான பகுதிகளில் தனிநபர் பாலிசியைப் புதிதாக விற்க ஒரு கம்பெனியும் இல்லை.

எதிர்த்தவர்களின் வாதத்தையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. சும்மா இருக்கும் ஒருவனை ஒரு பொருளை வாங்கு என்று அரசு சொல்லலாம் என்றால், நாளைக்கு பிராக்கோலி வாங்கச் சொல்லுமா என்று நீதிபதி ஸ்காலியா விசாரணையில் கேட்டார். 2012 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் 5-4 என்று தீர்ப்பு வந்தது. வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் கீழ் இப்படிக் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் இந்த அபராதம் ஒரு வரி, வரி போடலாம் என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். (வேடிக்கை என்னவென்றால், கட்டாயக் காப்பீடு என்ற யோசனையை 1989-லேயே முன்வைத்தது ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் என்ற வலதுசாரி அமைப்பு, 2006-இல் மாசசூசெட்ஸில் சட்டமாக்கியவர் குடியரசுக் கட்சி ஆளுநர் ராம்னி.)

என் பார்வையில், கொள்கை சரி, செய்த விதம் அரைகுறை. 2016 கணக்கைப் பாருங்கள். அபராதம் பெரியவருக்கு 695 டாலர், அல்லது வரித் தாக்கல் வரம்புக்கு மேற்பட்ட வருமானத்தில் 2.5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. 60,000 டாலர் சம்பாதிக்கும் தனி ஆளுக்கு வரம்பு 10,350. மீதி 49,650-இல் 2.5 சதவீதம் என்றால் சுமார் 1,241 டாலர். அதே ஆண்டு அரசு கணக்கிட்ட சராசரி வெண்கல வகை (bronze, பிரீமியம் குறைந்த வகை) பாலிசியின் ஆண்டு விலை 2,676. நோய் நொடி இல்லாத முப்பது வயதுக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார்? அபராதத்தையும் கட்டாமல் விட்டால் குற்ற வழக்கு கிடையாது, சொத்து முடக்கம் கிடையாது. வரித்துறை உங்கள் ரீஃபண்டில் பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவே. ரீஃபண்ட் வராதபடி சம்பளப் பிடித்தத்தைக் குறைத்துக்கொண்டவர்களிடம் அதுவும் செல்லாது. உண்மையிலேயே அடிபட்டவர்கள், பிரீமியத்துக்கு அரசு மானியம் கிடைக்கும் வருமான வரம்பைக் கொஞ்சம் தாண்டி, முழு விலையையும் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருந்த சுயதொழில்காரர்கள்.

சுவிட்சர்லாந்தில் 1996 முதல் கட்டாயம். குடியேறிய மூன்று மாதத்துக்குள் சேர வேண்டும், சேராதவரை மாநில நிர்வாகமே ஒரு கம்பெனியில் சேர்த்துவிடும். அடிப்படைக் காப்பீட்டில் கம்பெனி லாபம் எடுக்கவும் கூடாது. தனியாரிடம் வாங்கச் சொல்லும் அரசு இந்த இரண்டாவதையும் செய்ய வேண்டும் என்பது என் வாதம்.

அபராதம் போன பிறகும் அமெரிக்கச் சந்தை கவிழவில்லை. அதை வைத்துக் கட்டாயமே வேண்டாம் என்று முடிவு கட்டுபவர்கள் மானியத்தை மறந்துவிடுகிறார்கள். பிரீமியம் ஏறினால் மானியமும் கூடவே ஏறுவதால், மானியம் பெறுபவர் கையில் விலையேற்றம் தெரிவதில்லை. மேலும், நினைத்த மாதத்தில் சேர முடியாது. வேலை போவது போன்ற மாற்றம் இல்லாவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறைதான் வாசல் திறக்கும்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு: 2024-க்கான அபராதம் பெரியவருக்கு 900, குழந்தைக்கு 450, அல்லது மாநில வரம்புக்கு மேலான வருமானத்தில் 2.5 சதவீதம், எது அதிகமோ அது. இரண்டு பெரியவர், இரண்டு குழந்தை உள்ள குடும்பத்துக்குக் குறைந்தது 2,700. தொடர்ந்து மூன்று மாதம் வரை இடைவெளி இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் அதை 3853 படிவத்தில் கேட்டுப் பெற வேண்டும். ஆண்டு முழுக்கக் காப்பீடு இருந்தும் வரிப் படிவத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்யாமல் விட்டால் அபராதக் கடிதம் வரலாம். பயணக் காப்பீடும் குறுகிய காலப் பாலிசியும் கணக்கில் சேராது. ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வரும் பெற்றோர் மாநிலவாசிகள் அல்லர் என்பதால் அவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

வேலை போனால் கோப்ராவை (பழைய வேலையின் காப்பீட்டையே காசு கட்டித் தொடரும் வசதி) தேர்ந்தெடுக்க 60 நாள் உண்டு. காப்பீடு நின்ற நாளிலிருந்தே அது பின்தேதியிட்டுச் செல்லும், ஆனால் விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்து, வேலை கொடுத்தவரின் பங்கையும் போட்டு முழுப் பிரீமியத்தில் 102 சதவீதம் வரை கட்ட வேண்டும். 2010 சட்டப்படியான காப்பீட்டுச் சந்தையில் (marketplace) புதிதாக வாங்கவும் அதே 60 நாள்தான். அது பெரும்பாலும் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்துதான் தொடங்கும்.