கிளி கடைசி மாணவன் அல்ல

கேள்வி: என் மகன் பொறியியல் கல்லூரியில் இசிஇ மூன்றாம் ஆண்டு படிக்கிறான். குறும்படம் எடுப்பதில் கல்லூரிக்குள் நல்ல பெயர் வாங்கியிருக்கிறான். ஆனால் கணிதத்தில் இரண்டு, சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸில் ஒன்று என மூன்று அரியர் வைத்திருக்கிறான். கேட்டால், "கிளிப்பிள்ளைகளுக்குத்தான் மார்க் வரும், கிரியேட்டிவிட்டி இருப்பவனுக்கு வராது, இராமானுஜனே காலேஜில் ஃபெயில் ஆனவர்தானே" என்கிறான். அவன் சொல்வது சரிதானா?
- ஒரு தாய், திருச்சிராப்பள்ளி

பதில்: அம்மா, தங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய சொல் 'கிளிப்பிள்ளை'. அதை வசைச்சொல்லாகவே வழங்கப் பழகிவிட்டோம். ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்பு மாணவர்களைத் தரம் பிரித்த பவணந்தி முனிவர் கிளியைக் கடைசி வரிசையில் உட்கார வைக்கவில்லை. "அன்னம் ஆவே மண்ணொடு கிளியே, இல்லிக் குடம்ஆடு எருமை நெய்யரி, அன்னர் தலைஇடை கடைமா ணாக்கர்" என்கிறது நன்னூல். அன்னமும் பசுவும் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் இடைமாணாக்கர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யை விட்டுவிட்டுக் கசடை மட்டும் தேக்கிவைக்கும் வடிகட்டியான நெய்யரி ஆகிய நான்கும் கடைமாணாக்கர். சொல்லிக்கொடுத்ததைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாதது கிளியின் குறைதான் என்றாலும், சொல்லிக்கொடுத்தது அதனிடம் சிந்தாமல் இருக்கிறது என்பதால் அதற்கு நடுவரிசை கிடைத்தது. ஆடு, ஒரு செடியில் நுனித்தழையைக் கடித்துவிட்டு, வயிறு நிரம்பும் முன்பே அடுத்த செடிக்குப் போய்விடும். அதனால் அதன் இடம் கிளிக்கும் கீழே. பசுவோ புல் கண்ட இடத்தில் வயிறார மேய்ந்துவிட்டு, பிறகு ஓரிடத்தில் படுத்து அசைபோடும்.

நாம் இன்று படைப்பாற்றல் என்று அழைப்பது, என் கணிப்பில், இந்த அசைபோடுதலைத்தான். மேயாத பசு எதை அசைபோடும்? கிளியாக இருக்க மாட்டேன் என்று தங்கள் மகன் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் கிளியிடமிருந்து விலகிய அவர் பசுவின் பக்கம் போகிறாரா, ஆட்டின் பக்கம் போகிறாரா என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும் என்று அக்கறையோடு சொல்கிறேன்.

இதில் உளவியலாளர்கள் செய்த வேலையும் சிறிதல்ல. 1950இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைமையுரையில் கில்ஃபர்ட், படைப்பாற்றலைப் பற்றிய ஆய்வு புறக்கணிக்கப்பட்டிருப்பதாக முறையிட்டார். அதற்குப் பிறகு அரைநூற்றாண்டுக்கு மேலாக, படைப்பாற்றலும் மதிப்பெண்ணும் சேர்ந்து போகின்றனவா என்ற கேள்வியை நூற்றுக்கணக்கானோர் அளந்து பார்த்திருக்கிறார்கள். அவற்றில் 120 ஆய்வுகளை, 52,578 பேரின் விவரங்களோடு, ஒன்றாகத் தொகுத்துக் கணக்கிட்ட கட்டுரை ஒன்று 2017இல் வெளிவந்தது. படைப்பாற்றலுக்கும் கல்வித் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பெண் (இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்பதை -1 முதல் 1 வரை காட்டும் எண்) சராசரியாக 0.22 என்பது அதன் முடிவு. இரண்டும் ஒன்றையொன்று பகைத்திருந்தால் இந்த எண் சுழிக்குக் கீழே போயிருக்க வேண்டும். அது மேலேதான் நிற்கிறது. ஆனால் சற்றே மேலே. எனவே, படைப்பாற்றல் இருப்பதாலேயே மதிப்பெண் வராது என்ற தங்கள் மகனின் வாதம் விழுந்துவிடுகிறது. மதிப்பெண் பட்டியலைப் பார்த்து ஒருவருடைய படைப்பாற்றலை எடைபோடலாம் என்ற நம் பெற்றோர்களின் நம்பிக்கையும் அதனுடன் சேர்ந்தே விழுந்துவிடுகிறது. அதே தொகுப்பில் என்னை அதிகம் யோசிக்க வைத்த செய்தி வேறொன்று. தரப்படுத்தப்பட்ட பொதுத்தேர்வு மதிப்பெண்ணோடு படைப்பாற்றலுக்கு இருக்கும் தொடர்பு, கல்வி நிலையங்களில் ஆண்டு முழுவதும் சேர்கின்ற மதிப்பெண் சராசரியோடு இருப்பதைவிட வலுவாக இருந்தது. வகுப்பறையின் அன்றாட மதிப்பீட்டில் கற்றலோடு வேறு சிலவும் கலந்து எடைபோடப்படுகின்றன என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். சொன்ன நேரத்தில் ரெக்கார்டு நோட்டை ஒப்படைப்பதும், ஆசிரியர் எதிர்பார்க்கும் சொற்களிலேயே விடை எழுதுவதும் அவற்றில் சேரும்.

இனி இராமானுஜன். கல்லூரி ஆண்டுவிழா மேடைகளில் அவரைத் தோல்வியின் திருவுருவமாக நிறுத்திக் கைதட்டல் வாங்கும் பேச்சாளர்களோடு இந்தப் பக்கத்தில் பலமுறை மோதியிருக்கிறேன். இன்னொரு முறையும் மோதத் தயாராக இருக்கிறேன். 1897இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலிடம் பெற்ற சிறுவன் அவர். 1904இல் கும்பகோணம் அரசு கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர். கணிதம் ஒன்றிலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் ஆங்கிலத்தில் தேறாமல் அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், எல்லாப் பாடங்களிலும் தேற வேண்டும் என்ற விதியால், பட்டப்படிப்புக்கு முந்தைய கல்லூரித் தேர்வான எஃப்.ஏ.வில் இருமுறை தோற்றார். அந்தத் தோல்வியை அவர் பதக்கமாக அணிந்துகொள்ளவில்லை. வறுமையிலும் நோயிலும் அலைந்த ஆண்டுகள் அதன் விலை. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை கிடைத்தபோது அதை அவர் பெரிய ஆறுதலாக ஏற்றுக்கொண்டார். மறுஆண்டு, பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கிய சென்னைப் பல்கலைக்கழகம், மதிப்பெண் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு அவருடைய கணிதத்தைப் பார்த்துச் செய்த அந்த நல்ல செயலை எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை.

அதைவிட முக்கியமான ஒன்றையும் சொல்வதில்லை. பள்ளி நாட்களில் இராமானுஜனைப் பற்றவைத்த புத்தகம் எது? கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த, ஏறத்தாழ ஐயாயிரம் கணித முடிவுகளின் பட்டியல். கார் பெரிய கணித மேதை அல்லர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதப் பட்டத் தேர்வான டிரைபாஸுக்கு மாணவர்களைத் தயார் செய்த தனிப்பயிற்சி ஆசிரியர். இன்றைய மொழியில் சொன்னால், கோச்சிங் சென்டர் ஆசிரியர் எழுதிய கைடு. அந்தத் தேர்வு எப்படிப்பட்டதென்றால், தேறியவர்களை முதலாமவர், இரண்டாமவர் என்று வரிசைப்படுத்தி உலகறிய அறிவிக்கும். 1898இல் அதில் நான்காம் இடம் பெற்றவரும், பின்னர் இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணித அறிஞருமான ஹார்டியே பிற்காலத்தில் அதை எதிர்த்து வாதாடினார். 1909ஆம் ஆண்டோடு அந்தத் தரவரிசை அறிவிப்பு நின்றது. நம் தமிழ்நாட்டில் பிளஸ் டூ ரேங்க் அறிவிப்பை நிறுத்த 2017 வரை ஆயிற்று. மனப்பாடத் தேர்வுகளின் தாயகத்திலிருந்து வந்த அந்தக் கைடில் முடிவுகள் இருந்தன, நிறுவல்கள் பெரும்பாலும் இல்லை. வேறொரு மாணவன் அதைக் கிளியாக ஒப்பித்திருப்பான். இராமானுஜன் ஒவ்வொரு முடிவுக்கும் நிறுவலைத் தாமே உண்டாக்கிக்கொண்டார். உண்டாக்கும் வழியில் காரின் பட்டியலில் இல்லாதவற்றைக் கண்டார். வயிறார மேய்ந்து அசைபோட்ட பசு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அவர் கைவிட்டவை ஆங்கிலமும் உடலியலும். தாம் படைக்கப் புகுந்த துறையில் கற்க வேண்டிய ஒன்றையும் அவர் கைவிடவில்லை. தங்கள் மகனின் மூன்று அரியர்களும் எந்தத் தாள்களில் இருக்கின்றன என்பதைப் பாருங்கள், அம்மா. அவருடைய வாதத்துக்கு இராமானுஜன் சாட்சி சொல்ல வரமாட்டார்.

இவ்வளவு சொன்னதால் நான் தேர்வுகளின் பக்கம் நிற்பதாகத் தாங்கள் எண்ணிவிடக் கூடாது. பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல், வினாதல், வினாயவை விடுத்தல் என்று நன்னூல் மாணவனின் கடமைகளை அடுக்குகிறது. நம் கல்லூரித் தேர்வுகளில் பெரும்பாலானவை, பாடத்தை மனத்தில் இருத்தும் 'பாடம் போற்றல்' என்ற கடமையோடு நின்றுவிடுகின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு விதிமுறைப்படி அமைந்த வினாத்தாளில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து, 13 மதிப்பெண் வினாக்கள் ஐந்து, 15 மதிப்பெண் வினா ஒன்று. கற்றதைப் புதிய சூழலில் பயன்படுத்தவும் வடிவமைக்கவும் மாணவனை அழைப்பதற்கென்று வைக்கப்பட்டது அந்தக் கடைசி 15தான். அதைத் தொடாமலேயே ஒருவர் தேறிவிடலாம். முந்தைய ஆண்டுகளின் வினாக்களைத் திரட்டி 'முக்கிய வினாக்கள்' என்று அச்சிட்டு விற்பவர்கள் இந்தக் கணக்கை நன்றாக அறிந்தவர்கள். அவர்களுடைய விளம்பரத்தை இந்த இதழில் வெளியிட நான் என்றைக்கும் இசைந்ததில்லை.

என் கல்லூரி நாட்களில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பொருளாதாரத் தாளில், விலை ஏறினால் வாங்கும் அளவு குறையும் என்ற தேவை விதியை விளக்கச் சொன்னபோது, நோட்ஸில் இருந்த எடுத்துக்காட்டை விட்டுவிட்டு, பண்டிகைக்கு முன் எங்கள் ஊர்ச் சந்தையில் விலை ஏறியும் வெங்காயம் கூடுதலாக விற்றதை வைத்து ஒரு பக்கம் எழுதினேன். ஆசிரியர் பத்துக்கு மூன்று போட்டு, ஓரத்தில் "நோட்ஸில் இல்லை" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். படைப்பாற்றலை நசுக்கிவிட்டார் என்று பல ஆண்டுகள் மனத்தில் வன்மம் வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் பாடப்புத்தகத்தை அமைதியாகப் படித்தபோதுதான் புரிந்தது: விலை மாறுவதால் வாங்கும் அளவு மாறுவது ஒன்று, பண்டிகை போன்ற வேறு காரணத்தால் தேவையே பெருகுவது இன்னொன்று, இரண்டையும் நான் குழப்பியிருந்தேன். என் விடை உண்மையிலேயே தவறு. ஆனால் "நோட்ஸில் இல்லை" என்ற இரண்டு சொற்கள் அந்தத் தவறை எனக்குக் காட்டவில்லை. "சந்தையைப் பார்த்தது நன்று, ஆனால் இங்கே எது முதலில் மாறியது, விலையா தேவையா?" என்று அவர் ஒரு கேள்வி எழுதியிருந்தால், அன்றைக்கே எனக்கு அந்த விதி விளங்கியிருக்கும். சொந்தமாக யோசிக்கும் மாணவன் அதிகமாகத் தவறு செய்வான். அவனுக்குத்தான் திருத்தம் அதிகம் தேவை. நம் விடைத்தாள் திருத்தும் முறையில் அவனுக்குத்தான் அது கிடைப்பதேயில்லை. தங்கள் மகனின் கோபத்தில் நியாயமான பகுதி இதுவே என்று நான் நம்புகிறேன்.

ஆனால் அவர் எந்தத் தாளின்மீது கோபப்படுகிறார்? கைப்பேசியில் எடுக்கும் படம் ஜேபெக் கோப்பாகச் சுருங்குவதும், அவருடைய குறும்படம் இணையத்தில் ஏறும் அளவுக்கு இளைப்பதும், பெங்களூரில் பிறந்த நசீர் அகமது கண்ட ஒரு கணித உருமாற்றத்தின் வழியே நடப்பவை. 1972இல் அந்த எண்ணத்துக்கு அவர் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. நிதியில்லாமலே தம் மாணவர் நடராஜனோடும் நண்பர் கே. ஆர். ராவோடும் சேர்ந்து அதை முடித்து 1974இல் வெளியிட்டார். ஓர் அலையைப் பல கோசைன் அலைகளின் கூட்டாகப் பிரித்து, கண்ணுக்குப் பெரிதும் தேவைப்படாதவற்றைக் குறைத்துக்கொள்ள வழி செய்வது அந்த உத்தி. சிக்கலான அலையை எளிய சைன், கோசைன் அலைகளின் கூட்டாக எழுதிக் காட்டும் ஃபூரியே தொடரை வயிறார மேய்ந்தவர்களுக்குத்தான் அது தோன்றியிருக்க முடியும். தங்கள் மகன் அரியர் வைத்திருக்கும் தாள்களில் நடுநாயகமாக இருப்பது அதே ஃபூரியே.

ஆகவே, குறும்படம் எடுப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள். மூன்று தாள்களில் சிக்னல்ஸ் தாளை முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டுக்குள் எடுத்த காட்சிகளின் ஒலியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் பின்னால் ஓடுவதை அவர் கட்டாயம் கேட்டிருப்பார். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அந்த ஒலியின் அலைமாலையை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தை, விரித்துப் பார்த்தால், பெரும்பாலும் 50, 100, 150 ஹெர்ட்ஸ் என்ற இடங்களில் முள்முள்ளாக எழுந்து நிற்கும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவதன் தடம் அது. ஏன் அது 50இன் மடங்குகளில் மட்டும் எழுகிறது, 70இலும் 120இலும் ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடை அவர் புரட்டாமல் வைத்திருக்கும் அத்தியாயத்தில் இருக்கிறது. அதைப் படித்து, தம் படத்திலிருந்து அந்த இரைச்சலை நீக்கிவிட்டு, எப்படி நீக்கினேன் என்று இரண்டு பக்கம் தமிழில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த இதழில் அதற்கு இடம் ஒதுக்கி வைக்கிறேன்.