ஒரு ரூபாயைத் தேடிப்போகும் பெண்ணுக்கு 14 லட்சம் எதற்கு?

போன ஞாயிற்றுக்கிழமை நீங்களும் உங்கள் மனைவியும் மகளோடு வந்தீர்கள். வழவழப்பான ஒரு கையேட்டை மேசைமேல் வைத்தீர்கள். பி.டெக். ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ், மேனேஜ்மென்ட் கோட்டா, ஹாஸ்டலோடு நான்கு வருடத்துக்கு 14 லட்சம். பெங்களூரில் இருக்கும் உங்கள் மைத்துனர் "ஏஐ படிக்கலைன்னா இனி வேலையே இல்ல மாமா" என்கிறார். உங்கள் அண்ணன் "ஐடியே மூழ்கப்போகுது, நர்சிங்ல சேத்துவிடு" என்கிறார். இதில் உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. அன்று தைரியம் சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போனபிறகு அது போதாது என்று பட்டது. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் பயம் வீண் பயம் இல்லை. அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை வைத்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2025இல் கணக்குப் பார்த்தார்கள். 22 முதல் 25 வயதுள்ள மென்பொருள் ஆட்களின் வேலைவாய்ப்பு, 2022 கடைசியில் இருந்த உச்சத்திலிருந்து கிட்டத்தட்ட 20 சதவீதம் இறங்கியிருந்தது. அனுபவசாலிகளுக்கு அந்த அடி விழவில்லை. சொன்னதை அப்படியே நிரலாக, அதாவது கோடாக, எழுதித் தரும் வேலையை இப்போது ஏஐ செய்துவிடுகிறது. அந்த வேலைக்குத்தான் இத்தனை வருடம் கல்லூரியிலிருந்து கூட்டமாக ஆள் எடுத்தார்கள்.

இதற்கு மருந்து, பட்டத்தின் பெயரில் ஏஐ சேர்ப்பது என்றால் எனக்குச் சம்மதம் இல்லை. நான் பார்த்த பல கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் முதல் இரண்டு வருடம் அச்சு அசலாக சிஎஸ்இ, அதாவது வழக்கமான கணினிப் பொறியியல். அப்புறம் நாலைந்து பாடம் மாறும். அதை நடத்த ஆள் இருக்கிறாரா என்று கேட்டால் "கெஸ்ட் லெக்சர் ஏற்பாடு பண்ணுவோம்" என்பார்கள்.

பணக் கணக்கில் நான் வளைந்துகொடுக்க மாட்டேன். நகை போக 10 லட்சம் கடன் என்றீர்கள். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி ஈடு கேட்கும். உங்களிடம் இருக்கும் ஈடு கடைக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒரு வீடு. 11 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்றால் மாதம் 13,775 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை இதில் நான் சேர்க்கவே இல்லை. புதிதாகச் சேரும் பிள்ளைக்குப் பெரிய கம்பெனிகள் தருவது வருடம் மூன்றரை லட்சம். கையில் வருவது 25,000 சொச்சம். பாதிக்கு மேல் தவணைக்கே போனால் சென்னையில் வாடகை யார் கட்டுவது? பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள்.

சரி, உங்கள் மகள் மடியில் வைத்திருந்த நோட்டை நீங்கள் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? ப்ளஸ் டூ லீவில் உங்கள் ஹார்டுவேர் கடையில் பில் போட உட்கார்ந்தபோது எழுதியது. நான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: பிவிசி எல்போ, விலை 12.85, ஜிஎஸ்டி 18. எண்ணிக்கை 3 என்று ஒரே வரியில் போட்டால் பில் 45 ரூபாய். அதே மூன்றைத் தனித்தனி வரியாகப் போட்டால் 46 ரூபாய். கீழே காரணத்தையும் கண்டுபிடித்து எழுதியிருக்கிறாள். 18 சதவீத ஜிஎஸ்டி, மத்திய வரி 9, மாநில வரி 9 என்று இரண்டாகப் பிரியும். தனி வரியாகப் போட்டால் ஒவ்வொன்றிலும் இந்த இரண்டு வரித்தொகையையும் 1.1565இலிருந்து 1.16 என்று மென்பொருள் தூக்கிவிடுகிறது. மூன்றிலும் இப்படித் தூக்கியதில் கூட்டுத்தொகை 45.51 ஆகிறது. ஒரே வரியில் போட்டால் 45.49தான். ஐம்பது பைசா எல்லையைத் தாண்டியதால் முழு ரூபாய் ஏறிவிட்டது. பில் எண், தேதி, என்ன அடித்தேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று எல்லாம் இருக்கிறது.

நீங்கள் "ஒரு ரூபாய்க்கு இவ்வளவு ஆராய்ச்சியா" என்று சிரித்தீர்கள். மென்பொருள் தொழிலில் பத்து வருடம் இருந்தவர்களே இவ்வளவு ஒழுங்காக ஒரு பிழையை எழுதித் தருவதில்லை.

பில்லிங் மென்பொருளை இன்று ஏஐயிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் எழுதித் தரும். வரித்தொகையின் பைசாவைப் பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக முழுமையாக்குவதா, கடைசியில் ஒரு தடவையா என்று நாம் சொல்லாவிட்டால் அதுவே ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளும். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். எல்போ வாங்க வந்தவர் சண்டைக்கு நின்றால்தான் தெரியும். கோடு மலிந்துபோன காலத்தில் அதைச் சந்தேகப்படத் தெரிந்தவருக்குத்தான் வேலை. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற, போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளின் நிரலர், தன் கணினியில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) லாகின் அரை நொடி தாமதமாவதைப் பார்த்து விடாமல் தோண்டினார். எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளுக்குள் யாரோ திருட்டுக் கதவு வைத்திருந்தது வெளியே வந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடும் ஏராளமான சர்வர்களுக்கு அது போய்ச் சேர்ந்திருக்கும். உங்கள் மகளின் ஒரு ரூபாயும் அவருடைய அரை நொடியும் ஒரே ஜாதி.

கவுன்சலிங், கட்-ஆஃப் எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் போதும். வருடத்துக்குச் சில ஆயிரம்தான். பட்டம் அங்கே, தொழில் கற்பது வேறு இடத்தில். அந்த வேறு இடத்தைத்தான் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

லிப்ரே ஆபீஸ் என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. வேர்டு, எக்செல் மாதிரி. அதன் மூல நிரல் யாரும் பார்க்கலாம். உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறவர்கள் பிழைகளைப் பக்ஸில்லா என்ற பதிவேட்டில் எழுதுகிறார்கள். புதிதாக வருவதெல்லாம் "உறுதியாகாதது" என்று கிடக்கும். வேறொருவர் அதே படிகளைத் தன் கணினியில் செய்து, அதே பிழை வருகிறதா என்று பார்த்தால்தான் அடுத்த நிலைக்குப் போகும். விவரம் பற்றாவிட்டால் "தகவல் வேண்டும்" என்று திருப்பிக் கேட்க வேண்டும். இதற்கு ஒரு வரி நிரல்கூடத் தெரிய வேண்டாம். உங்கள் மகள் நோட்டில் செய்தது இதேதான்.

மூன்று நாலு மாதம் போகட்டும். அப்புறம் பைசெக்ட் என்று ஒரு வித்தை கற்றுக்கொள்வாள். போன வருடம் ஒழுங்காக இருந்தது இப்போது கெட்டுப்போயிருக்கிறது. நடுவில் ஆயிரம் மாற்றங்கள். எது கெடுத்தது? நடுவில் இருக்கும் 500ஆவதை ஓட்டிப் பார். நன்றாக இருந்தால் பிழை பின்பாதியில், இல்லையென்றால் முன்பாதியில். மறுபடி பாதி. பத்தே தடவையில் அந்த ஒரு மாற்றம் கையில் மாட்டும். மாட்டியதும் அதை எழுதியவர் என்ன நினைத்து எழுதினார் என்று படிக்க வேண்டிவரும். நிரல் எழுதுவதற்கு முன்னால் படிக்கப் பழகுவது அங்கேதான். அதற்குப் பிறகு "எளிய வேலைகள்" என்று ஒதுக்கி வைத்திருக்கும் சின்னத் திருத்தங்களில் ஒன்றை எடுத்து அனுப்பலாம். முன்பின் தெரியாத ஒருவர் "இதை ஏன் இங்கே வைத்தாய்?" என்று கேட்பார். முதல் தடவை அழுகை வரும். நாலாவது தடவை அவள் பதில் சொல்லுவாள்.

ஏஐ கருவியைத் தொடாதே என்று நான் சொல்லமாட்டேன். புரியாத நிரலை விளக்கச் சொல்லட்டும், விளக்கம் சரியா என்று ஓட்டிப் பார்க்கட்டும். பிழை அறிக்கையை மட்டும் அதனிடம் எழுதி வாங்கக் கூடாது. இணையத்தில் தரவை அனுப்பவும் வாங்கவும் உதவும் கர்ல் என்ற மென்பொருளை நடத்தும் ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க், ஏஐ புனைந்த போலிப் பிழை அறிக்கைகளைப் படித்து அலுத்து, பிழை கண்டுபிடித்தால் பரிசு என்று 2019 முதல் நடந்துவந்த திட்டத்தையே 2026 ஜனவரியோடு நிறுத்திவிட்டார். ஓட்டிப் பார்க்காமல் அனுப்பியவர்களின் பெயர் அந்த வட்டாரத்தில் கெட்டது கெட்டதுதான்.

செலவு? பழைய லேப்டாப், 8 ஜிபி ராம், லினக்ஸ், 25,000க்குள் முடியும். விழுப்புரத்திலேயே குனு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, காசு வாங்காமல் சொல்லித்தருகிறார்கள். தமிழில் படிக்கக் கணியம் என்ற தமிழ்க் கணினி இதழ் வெளியிட்ட இலவச மின்னூல்கள் உண்டு. 18 வயதானபின், இப்படிப்பட்ட திறந்த மென்பொருள்களில் வேலை செய்யும் புதியவர்களுக்குப் பணம் தரும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் மாதிரி உதவித்தொகைத் திட்டங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். அந்தப் பணத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள், வந்தால் லாபம்.

இன்னொன்று. ஆறு மாதத்தில் அவளுக்கு இது சலித்துப்போனால் விட்டுவிடட்டும், வேறு பார்க்கலாம். 25,000தான் போயிருக்கும், வீடு போயிருக்காது. ஆனால் அதை அவள் சொல்ல வேண்டும். அன்று முக்கால் மணி நேரத்தில் அவள் பேசியது இரண்டே வாக்கியம், இரண்டும் நான் கேட்டபிறகு. மைத்துனரிடம் நானே பேசுகிறேன், நம்பர் அனுப்புங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. பில்லிங் மென்பொருள் விற்றவர் நம்பர் கல்லாவில் ஒட்டியிருக்கும். அந்த எல்போ விஷயத்தை அவளையே போனில் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் சும்மா நின்று கேளுங்கள்.