பில்லைக் கையில் கொடுத்து என்ட்ரி சொல்லச் சொன்னால்?

கேள்வி: ஈரோட்டில் பி.காம். கடைசி வருடம் படிக்கிறேன். நல்ல மார்க், டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் சர்டிபிகேட்டும் இருக்கிறது. அக்கவுன்ட்ஸ் அசிஸ்டன்ட் வேலைக்கு இதுவரை நாலு இன்டர்வியூ போய்விட்டேன். ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பர்ச்சேஸ் பில்லை நீட்டி "இதுக்கு என்ட்ரி சொல்லும்மா" என்றார்கள், எதை டெபிட் போடுவது, எதைக் கிரெடிட் போடுவது என்று வாயே வரவில்லை. ஒரு மில்லில் எக்ஸ்பீரியன்ஸ் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இன்னொரு இடத்தில் கல்யாணம் எப்போது என்று கேட்டார்கள். கடைசி இடத்தில் வேலை உண்டு, ஆனால் ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுக்கச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மார்க் ஷீட்டைக் கொடுக்காதீர்கள். சரிபார்க்க ஒரிஜினலைக் காட்டலாம், கையெழுத்துப் போட்ட செராக்ஸ் கொடுக்கலாம், அதோடு சரி. ஒரிஜினலை அலமாரியில் பூட்டி வைத்துக்கொள்ளும் இடத்தில் சம்பளம் பாக்கி வைத்தாலும், ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார வைத்தாலும் உங்களால் எழுந்து வர முடியாது. அப்படிச் சிக்கிக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும். செராக்ஸ் போதாது என்று சொன்னால் அந்த வேலை வேண்டாம்.

அடுத்தது அந்த பில். அங்கே நீங்கள் திணறியது படிப்பு போதாமல் இல்லை. கல்லூரியில் கணக்கு வார்த்தைகளாக வருகிறது, "ராமுவிடம் சரக்கு வாங்கினார்" என்று. ஆபீஸில் அது கசங்கிய காகிதமாக வருகிறது. அதனால் ஒரே ஒரு பில்லை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதன் பின்னாலேயே போய்ப் பாருங்கள்.

சரக்கு 10,000 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சப்ளையர் தமிழ்நாடு என்றால் மத்திய அரசின் பங்கு சிஜிஎஸ்டி 900, மாநிலத்தின் பங்கு எஸ்ஜிஎஸ்டி 900. பெங்களூர்க்காரர் என்றால் வெளிமாநிலம், அதனால் ஐஜிஎஸ்டி 1,800. பர்ச்சேஸில் டெபிட் 10,000, வரி தனியாக இன்புட் கணக்கில் டெபிட், சப்ளையர் கணக்கில் கிரெடிட் 11,800. புதிதாக வருகிறவர்கள் நிறையப் பேர் 11,800-ஐயும் பர்ச்சேஸிலேயே போட்டுவிடுகிறார்கள், பில்லை நீட்டுகிறவர் பார்ப்பது இதைத்தான். சரி, அப்புறம்? அந்தச் சப்ளையர் மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர் என்றால் விற்ற பில்களின் விவரமான ஜிஎஸ்டிஆர்-1-ஐ அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் போட வேண்டும், போட்டிருந்தால் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் நம்முடைய வாங்கிய பில் பட்டியலான 2பி-யில் இந்த பில் வந்து நிற்கும். வரவில்லை என்றால் அந்த 1,800-க்கு கிரெடிட் எடுக்க, அதாவது நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது, உடனே அவருக்குப் போன் செய்ய வேண்டும். பணத்தை செக்காகக் கொடுக்கிறீர்கள், அவர் ஒரு வாரம் பேங்கில் போடவில்லை. நம் புத்தகத்தில் 11,800 குறைந்துவிட்டது, பேங்க் ஸ்டேட்மென்ட்டில் குறையவில்லை. பேங்க் ரீகன்சிலியேஷன் என்று பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தோமே, அதன் உயிர் இந்த ஒரு வித்தியாசம்தான். பாதிச் சரக்கைத் திருப்பி அனுப்பினால், அவருக்குத் தர வேண்டியதில் அந்தத் தொகையைக் குறைக்க டெபிட் நோட். இதையெல்லாம் அம்மாவிடமோ தோழியிடமோ வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், மனசுக்குள் சொன்னால் போதாது, இன்டர்வியூவில் அடைத்துக்கொள்வது வாய்தான். தெரியாததைக் கேட்டால் "தெரியலை சார், ஆனா இப்படித்தான் யோசிப்பேன்" என்று டெபிட் எது, கிரெடிட் எது என்று சத்தமாக யோசியுங்கள். நான் ஆள் எடுக்க உட்கார்ந்தபோதெல்லாம் அப்படி யோசித்தவர்களைத்தான் எடுத்திருக்கிறேன். இன்னொன்று, சீனியர்களின் பழைய நோட்ஸை நம்பாதீர்கள், 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியில் 12, 28 சதவீத விகிதங்கள் பெரும்பாலான பொருட்களுக்கு இல்லை.

எக்ஸ்பீரியன்ஸுக்கு வழி இருக்கிறது. டேலி பிரைமை எஜுகேஷனல் மோடில் காசில்லாமல் ஓட்டலாம், மாதத்தில் சில தேதிகளில் மட்டும் என்ட்ரி போடவிடும், பழக அது போதும். தெரிந்தவருக்கு மளிகைக்கடையோ ஜவுளிக்கடையோ இருந்தால் மூன்று மாத பில்லை வாங்கி ஏற்றுங்கள், பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதை ரெஸ்யூமில் ஒரு வரியாக, என்ன செய்தீர்களோ அதை அப்படியே எழுதுங்கள்.

கல்யாணக் கேள்வியைக் கேட்டதே தப்பு. நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. "இப்போ வேலையிலதான் சார் கவனம்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டு வேலையைப் பற்றி நீங்கள் கேளுங்கள்: எத்தனை மணிக்கு விடுவீர்கள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா, பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும். பி.எஃப்.க்கு 12 சதவீதம், இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம் உங்கள் பங்காகப் போகும், அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பஸ் செலவுக்கு மிஞ்சுமா என்று யோசிக்க வேண்டும்.

அந்த ஆடிட்டர் ஆபீஸை விட்டுவிடாதீர்கள். பில்லைக் கையில் கொடுத்துக் கேட்கிறவர்கள் வேலை சொல்லித்தரவும் செய்வார்கள். செப்டம்பர் கடைசிக்குள் வருமான வரிக்கான கணக்குத் தணிக்கையை, அதாவது டாக்ஸ் ஆடிட்டை முடிக்க வேண்டும் என்பதால் ஜூலையிலிருந்தே அங்கே ஆள் தேவைப்படும். ஒரு மாதம் பழகிவிட்டுப் போன் செய்து, "அன்னைக்கு அந்த பில்லுக்குச் சொல்ல முடியலை சார், இப்போ சொல்றேன், இன்னொரு தடவை வரட்டுமா?" என்று கேளுங்கள்.