மல்லிக் கட்டை ஏன் துளிர்ப்பதில்லை?

கேள்வி: விளாத்திகுளம் பக்கம் கரிசல் நிலம். ஐப்பசியில் மானாவாரியாக விதைத்த கொத்தமல்லியை மாசித் தொடக்கத்தில் அரிவாளால் அறுத்தேன். கட்டைக்குத் தண்ணீர் விட்டும் துளிர்க்கவில்லை. பக்கத்து வயலில் பருத்திக் கட்டை கோடை மழைக்குத் துளிர்த்து மறுபடி காய்க்கிறது. கிணற்றடியில் தழைக்காகப் பங்குனியில் போட்ட மல்லியோ ஒரு சாண் வளர்வதற்குள் பூத்துவிட்டது. பூவைக் கிள்ளிவிட்டால் தழைக்குமா?

பதில்: தழைக்காது. கிள்ளும் கூலிதான் வீண்.

மல்லி இளம் பருவத்தில் தரையோடு ஒட்டி, அகன்ற இலைகளைக் கொத்தாக விடும். நீங்கள் விற்கும் தழை அதுதான். தண்டு மேலே எழும்பத் தொடங்கியதும் கதை மாறிவிடுகிறது. இலை நூல் நூலாக மெலிகிறது. ஒவ்வொரு கிளையின் நுனியும் பூங்கொத்தாக முடிந்துவிடுகிறது. ஒன்றைக் கிள்ளினால் பக்கக் கிளையில் இன்னொரு பூங்கொத்துதான் வருமே தவிர, பழைய அகல இலை திரும்பாது. காய் பிடித்தபின் இலையிலும் தண்டிலும் உள்ள தழைச்சத்தை விதை உறிஞ்சிக்கொள்கிறது. நீங்கள் அறுத்தபோது செடி தன் சொத்து முழுவதையும் விதைக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. அதற்குப்பின் எவ்வளவு நீர் விட்டாலும் பலனில்லை. ஓராண்டுத் தாவரம் என்றால் ஆண்டு முழுவதும் நிற்கும் என்று பொருளில்லை. விதையிலிருந்து விதைவரை ஓராண்டுக்குள் முடிந்துவிடும்; மல்லிக்கு மூன்று, மூன்றரை மாதம் போதும்.

பருத்தி அந்தச் சாதியே இல்லை. இயல்பில் அது பல ஆண்டு வாழக்கூடியது. நாம்தான் பிடுங்கி எறிந்து ஒரு பருவப் பயிராக நடத்துகிறோம். கத்தரி, மிளகாய், ஆமணக்கு, துவரை எல்லாம் அப்படித்தான். அதற்காகப் பக்கத்து வயலைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். கட்டைப் பருத்தி, இளஞ்சிவப்புக் காய்ப்புழுவையும் மாவுப்பூச்சியையும் கோடை முழுவதும் சோறு போட்டு வளர்க்கும். கிடைக்கும் நாலு காயைவிட அடுத்த பருவத்து மருந்துச் செலவு அதிகமாகும்.

சோளக் கட்டை துளிர்க்கும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த இளந்துளிரில் மட்டும் ஆடு மாட்டை விடாதீர்கள். அதிலுள்ள சயனைடு நஞ்சு உயிரை எடுத்துவிடும்.

பங்குனி விதைப்புக்கு வருகிறேன். வெயிலும் நீளும் பகலும் மல்லியை விரைவாகப் பூக்க வைக்கின்றன. நீர் தட்டினாலும், நெருக்கமாக நின்றாலும், சாவதற்குள் விதை வைத்துவிட வேண்டும் என்று செடி அவசரப்படும். ஆகவே தழைக்கு ஏற்றது குளிர்ந்த பருவம்தான். கோடையிலும் வேண்டுமென்றால் பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலைக்கு அடியில் போடுங்கள், ஈரம் காயவிடாதீர்கள். விதையைத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள். ஒரே நாளில் மொத்தமாக விதைக்காமல் வாரத்துக்கு ஒரு பாத்தி என்று பிரித்துக்கொண்டால் தழை தொடர்ந்து கிடைக்கும். 30 முதல் 40 நாளுக்குள், தண்டு எழும்புமுன் பிடுங்கி விற்றுவிடுங்கள். அறுத்து அறுத்து எடுப்பதானால் நடுக்குருத்தில் அரிவாள் படாமல் இரண்டு விரல் உயரம் விட்டு அறுக்க வேண்டும்.

பலர் கவனிக்காதது விதைத் தேர்வு. முதலில் பூத்து முதலில் முற்றிய செடியிலிருந்தே விதை எடுத்து வைக்கிறோம். தழைக்கு அது நேர் எதிர். எது கடைசியாகப் பூக்கிறதோ, அதில் கயிறு கட்டி அடையாளம் வைத்து அந்த விதையை எடுங்கள். மல்லியில் தேனீயால் அயல் மகரந்தச் சேர்க்கை நடக்கும். எனவே முந்திப் பூக்கும் செடிகளை அதற்குமுன் பிடுங்கிவிட வேண்டும். இப்போது கிணற்றடியில் பூத்து நிற்பதிலிருந்து தழைக்கென்று ஒரு விதைகூட எடுக்காதீர்கள். உழுது மண்ணில் மடக்கிவிடுங்கள்.